படைவீரரின் துணைவியாருக்குரிய குடும்ப ஓய்வூதியம்: முன்னரே செய்ய வேண்டியவையும் பின்னர்ச் செய்ய வேண்டியவையும்

முப்படைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் மறைந்தால், அவருடைய ஓய்வூதியம் மறைந்த நாளோடு நிற்கிறது. அதற்கு மறுநாள் முதல் அவருடைய துணைவியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை தொடங்குகிறது. விதிப்படி இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. ஆனால் பணம் கைக்கு வந்து சேர்வதில் இடைவெளி ஏற்படுகிறது. சில குடும்பங்களுக்கு அது சில வாரங்களில் முடிகிறது. வேறு சில குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. இரு குடும்பங்களின் உரிமையும் ஒன்றே. வேறுபடுவது ஆவணங்களின் நிலை.

துயரம் சூழ்ந்த நாட்களில் பழைய தாள்களைத் தேடி, பெயர்ப் பிழைகளைத் திருத்தி, அலுவலகம் அலுவலகமாக நடப்பது எவருக்கும் கடினம். அதே வேலையைக் கணவரும் மனைவியும் சேர்ந்து, அவசரமின்றி, முன்னதாகவே செய்துவிட முடியும். எனவே குடும்ப ஓய்வூதியக் கோரிக்கை என்பது படைவீரர் உயிருடன் இருக்கும்போதே தொடங்க வேண்டிய ஒன்று என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

மூன்று வகைகள்

படைவீரர் குடும்பத்திற்குரிய ஓய்வூதியம் மூன்று வகைப்படும். மரணம் எச்சூழலில் நிகழ்ந்தது என்பதே வகையைத் தீர்மானிக்கிறது.

முதலாவது, சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். படைப்பணியோடு தொடர்பில்லாத காரணத்தால், பணியிலிருக்கும்போதோ ஓய்வுக்குப் பின்னரோ மரணம் நேர்ந்தால் இது பொருந்தும். கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது இதன் வீதம். கணக்கிடத்தக்க ஊதியம் என்பதில் அடிப்படை ஊதியத்தோடு படைப்பணி ஊதியம் முதலியனவும் அடங்கும். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, 2016 ஜனவரி 1 முதல் இதன் குறைந்தபட்ச அளவு மாதம் 9,000 ரூபாய். அகவிலை நிவாரணம் இதற்கு மேல் தனியே சேரும்.

இரண்டாவது, சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். மரணத்திற்குப் படைப்பணி காரணமாயிற்று, அல்லது படைப்பணியால் நோய் முற்றியது என்று ஏற்கப்பட்டால் இது கிடைக்கும். இதன் வீதம் 60 விழுக்காடு.

மூன்றாவது, தாராளமயக் குடும்ப ஓய்வூதியம். போரிலோ, எதிரிகள் அல்லது பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ உயிரிழந்தவரின் குடும்பத்திற்குரியது. கடைசி ஊதியம் முழுமையும், அதாவது 100 விழுக்காடு, இவ்வகையில் ஓய்வூதியமாகிறது.

ஒருவரின் கணக்கிடத்தக்க ஊதியம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். சாதாரண வகையில் 12,000 ரூபாயும், சிறப்பு வகையில் 24,000 ரூபாயும், தாராளமய வகையில் 40,000 ரூபாயும் கிடைக்கும். எனவே, எந்த வகையின் கீழ்க் கோருகிறோம் என்பதைக் கவனியாமல் விடுவது பெரும் இழப்பாகலாம். ஊனமுற்றோர்க்கான ஓய்வூதியம் பெற்றுவந்த ஒருவர், பணியால் ஏற்பட்டதென ஏற்கப்பட்ட அதே நோயினால் பின்னாளில் இறந்திருந்தால், துணைவியார் சாதாரண வகையோடு அமைந்துவிடாமல் சிறப்பு வகைக்கும் கோரிக்கை வைக்க வேண்டும். அதை மருத்துவ அதிகாரிகள் ஆராய்ந்தே முடிவு செய்வர். அதற்கு மரணக் காரணம் பற்றிய மருத்துவச் சான்றும் மருத்துவமனைத் தாள்களும் அடிப்படை. அவற்றை எறிந்துவிடலாகாது.

பெண் அலுவலர் ஒருவர் மறைந்தால், அவருடைய கணவருக்கும் இதே உரிமை உண்டு.

உயர்த்தப்பட்ட வீதம்: எத்தனை ஆண்டு?

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு 30 விழுக்காடாக இராமல் 50 விழுக்காடாக வழங்கப்படுகிறது. இது உயர்த்தப்பட்ட வீதம். பணியிலிருக்கும்போதே இறந்தால் 10 ஆண்டுகளுக்கு இவ்வீதம் உண்டு. ஓய்வுக்குப் பின் இறந்தால், இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது மறைந்தவர் 67 வயது நிறைவடைந்திருக்கக்கூடிய நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை உண்டு. ஓய்வுக்குப் பின் நேர்ந்த மரணத்தில் இந்த உயர் வீதம், அவருக்கு ஒப்பளிக்கப்பட்ட ஓய்வூதியத்தை விஞ்சாது.

மூன்று எடுத்துக்காட்டுகளால் இது தெளிவாகும். ஒருவர் 58 வயதில் மறைந்தால் 7 ஆண்டுகள் 65-இல் முடிகின்றன. அது 67-க்கு முந்தியது. ஆகவே முழு 7 ஆண்டுகளும் உயர் வீதம் கிடைக்கும். 63 வயதில் மறைந்தால் 67 முந்துகிறது. ஆகவே 4 ஆண்டுகள் மட்டுமே. 70 வயதில் மறைந்தால் முதல் மாதத்திலிருந்தே 30 விழுக்காடுதான்.

இக்கணக்கை அறிந்து வைப்பதால் இரு நன்மைகள் உண்டு. உயர் வீதம் முடியும் மாதத்தில் வரவு திடீரெனக் குறையும்போது, வங்கியில் பிழை நேர்ந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மேலும், குறைவு எந்த மாதத்தில் வரும் என்பது முன்னரே தெரிவதால், வீட்டுச் செலவையும் கடன் தவணைகளையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

கணவர் ஓய்வுபெற்றபோது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை பெற்றிருந்தால், அதாவது கம்யூட்டேஷன் செய்திருந்தால், அதன் பொருட்டுக் குடும்ப ஓய்வூதியம் குறைக்கப்படுவதில்லை. அந்தப் பிடித்தம் அவருடைய மறைவோடு முடிந்துவிடுகிறது.

வயது முதிர்ந்த துணைவியாருக்குக் கூடுதல் தொகையும் உண்டு. 80 வயது முதல் 20 விழுக்காடு, 85 முதல் 30, 90 முதல் 40, 95 முதல் 50, 100 வயது முதல் 100 விழுக்காடு என அது உயர்கிறது. ஆனால் அவருடைய பிறந்த நாள் ஓய்வூதிய ஆவணத்தில் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் இது தடையின்றி வரும்.

ஆணையில் உள்ள பெயர்

ஓய்வூதிய ஆணையைப் படைவீரர்கள் பி.பி.ஓ. என்றே அழைப்பர். கணவருக்கு எவ்வளவு, அவருக்குப் பின் யாருக்கு எவ்வளவு என்பவை ஒரே ஆணையில் கூட்டாக அறிவிக்கப்படுகின்றன. துணைவியாரின் பெயர் அதில் இருந்தால், கோரிக்கையின் பெரும்பகுதி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது எனலாம். பழைய ஆணைகள் சிலவற்றில் அப்பெயர் இருப்பதில்லை. முதல் மனைவி மறைந்தபின் மறுமணம் செய்துகொண்ட சிலர், புதிய துணைவியாரின் பெயரைச் சேர்க்காமலே இருந்துவிடுகின்றனர்.

பெயர் இருந்தாலும், அது ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். நம்மவரிடையே இதில் மூவகைச் சிக்கல்கள் காணப்படுகின்றன. முதலாவது, தலைப்பெழுத்து. திருமணத்திற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து. பின்னர்க் கணவரின் தலைப்பெழுத்து. ஓர் ஆவணத்தில் ஒன்றும் மற்றதில் மற்றொன்றும் நிற்கின்றன. குடும்பப் பெயர் வழங்கும் வடமாநில எழுத்தர் ஒருவருக்கு இவ்விருவரும் ஒருவரே என்பது தானே விளங்காது. இரண்டாவது, எழுத்துக்கூட்டல். ‘சரஸ்வதி’ என்னும் பெயரின் இறுதித் தகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்தாலும் இன்னொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். கணினி இவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். மூன்றாவது, வீட்டில் வழங்கும் பெயர். படையில் சேர்ந்த இளவயதில் கணவர் சொன்ன செல்லப்பெயரே பதிவேட்டில் ஏறியிருக்கலாம்.

பிறந்த தேதியும் அவ்வாறே. படைப் பதிவேட்டில் ஓராண்டும் ஆதாரில் வேறோராண்டும் இருப்பின், மேலே கூறிய 80 வயதுக் கூடுதல் தொகை எப்போது தொடங்கும் என்பதில் வழக்கு எழும்.

இவற்றைத் திருத்த வேண்டிய இடம் வங்கி அன்று. படைவீரரின் பதிவேட்டு அலுவலகம். தரைப்படையில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் பிரிவுக்கும் தனிப் பதிவேட்டு அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டின் அலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. திருமணச் சான்று, ஆதார், உறுதிமொழிப் பத்திரம் முதலியவற்றுடன் படைவீரரே விண்ணப்பித்தால், பதிவு திருத்தப்பெற்று, அதன்பின் திருத்த ஆணை வெளியாகும். அவர் கையொப்பமிட்டுத் தம் மனைவி இவரே என்று கூறும்வரை ஐயத்திற்கு இடமில்லை. அவர் மறைந்தபின் அதே உண்மையை வேறு சான்றுகள் பலவற்றால் நிறுவ வேண்டியதாகிறது.

மாற்றுத்திறனாளியான பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பெயரையும் இப்போதே ஆணையில் சேர்க்குமாறு கேட்க வேண்டும். தன் பிழைப்புக்குத் தானே ஈட்ட இயலாத நிலையிலுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பின் வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு.

கூட்டுக் கணக்கு

ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கைத் துணைவியாருடன் கூட்டாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’, ‘முன்னவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் இருமுறைகளில் எதுவும் ஏற்புடையது. முதல் முறையில் இருவரும் கணக்கை இயக்கலாம். இரண்டாம் முறையில் கணவர் வாழும்வரை அவரே இயக்குவார். அவருக்குப் பின் துணைவியார் இயக்குவார்.

ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் ஒன்றை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் மறைந்தபின், ஓய்வூதிய ஆணையில் பெயருள்ள துணைவியாரே கூட்டுக் கணக்கில் எஞ்சியவராக இருப்பின், குடும்ப ஓய்வூதியத்திற்காகப் புதுக் கணக்குத் தொடங்குமாறு வங்கி வற்புறுத்தலாகாது. இருக்கும் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும். தனிக் கணக்காக இருந்தால் இவ்வசதி இல்லை. துணைவியார் தம் பெயரில் வேறு கணக்கைக் காட்ட வேண்டும். கணவர் கணக்கிலுள்ள பணத்திற்குத் தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். கணக்கைக் கூட்டாக மாற்ற இருவரும் கிளைக்கு ஒருமுறை வந்து படிவத்தில் கையொப்பமிட்டால் போதும்.

மறைவுக்குப் பின்: முறைப்படி ஐந்து படிகள்

முதற்படி, இறப்பைப் பதிவு செய்து சான்று பெறுதல். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பின் தாமதக் கட்டணமும், மேலும் தாமதித்தால் அதிகாரிகளின் அனுமதியும் தேவைப்படும். சான்றில் உள்ள பெயர் ஓய்வூதிய ஆணையில் உள்ளவாறே இருக்கிறதா என்பதைப் பெறும்போதே பார்த்துக்கொள்க. பல அலுவலகங்களுக்குத் தேவைப்படுமாதலால் சில படிகள் சேர்த்தே பெறுவது நலம்.

இரண்டாம் படி, தகவல் தெரிவித்தல். முன்பு வங்கிகளின் ஓய்வூதிய மையங்களே கணக்கிட்டு வழங்கின. இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையவழி அமைப்புக்கு மாற்றப்பட்டுள்ளன. இதன் தலைமை அலுவலகமாக விளங்குவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகளின் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் ஓய்வூதிய அலுவலகம். ஆகவே, ஸ்பர்ஷில் உள்ள ஓய்வூதியருக்கு வங்கிக் கிளை தானாகக் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடங்க இயலாது. அந்த அமைப்பில் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் தாமே செய்ய இயலாதவர்கள், ஸ்பர்ஷ் சேவை மையங்களாக இயங்கும் வங்கிக் கிளைகள், பொதுச் சேவை மையங்கள், பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகங்கள் ஆகியவற்றை அணுகலாம். கணக்கு வைத்துள்ள கிளைக்கும் தனியே தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் படி, கோரிக்கையை இணைப்புகளோடு அளித்தல். இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, துணைவியாரின் ஆதார், பான் அட்டை, கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், ஒளிப்படம் ஆகியன வழக்கமாகக் கேட்கப்படுவன. டிஸ்சார்ஜ் புத்தகம் உடனிருந்தால் ஐயங்கள் விரைவில் தீரும். ஒப்புகை எண்ணைப் பெற்றுக் குறித்து வைக்க வேண்டும்.

நான்காம் படி, மிகுதியாக வரவான ஓய்வூதியத்தைத் தொடாதிருத்தல். மறைந்த நாள் 10 ஆம் தேதி எனில், அந்நாள்வரை கணவருக்குரிய ஓய்வூதியம். 11 முதல் குடும்ப ஓய்வூதியம். தகவல் சேருமுன் கணவரின் முழு மாத ஓய்வூதியம் கணக்கில் வந்துவிடலாம். மறைவுக்குப் பிந்திய நாட்களுக்குரிய தொகை திரும்பச் செலுத்த வேண்டியது. ஏ.டி.எம். அட்டை வீட்டில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் அதை எடுத்துச் செலவிட்டுவிட்டால், பின்னர் அது தாயாரின் வரவிலிருந்து பிடித்தமாகும். மறைவுக்கு முன்பே கணக்கில் இருந்த சேமிப்பு இதில் சேராது.

ஐந்தாம் படி, வாழ்நாள் நிலுவையைக் கேட்டல். மறைந்த நாள்வரை கணவருக்கு வர வேண்டியிருந்து வராத தொகை எதுவும் வாழ்நாள் நிலுவை எனப்படும். ‘ஒரு பதவி, ஒரு ஓய்வூதியம்’ திட்டத்தின் கீழ் 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூலை 1 முதல் ஓய்வூதியங்கள் திருத்தப்பட்டுள்ளன. அவற்றின் நிலுவையும் இதில் இருக்கக்கூடும். நிலுவைக்கு நியமனம் செய்திருந்தால், நியமனம் பெற்றவருக்கு அது எளிதில் கிடைக்கும். நியமனம் இல்லையெனில் வாரிசுரிமைச் சான்றுகள் வேண்டியிருக்கும்.

ஆணையில் துணைவியாரின் பெயரே இல்லாத நிலையில், முதலில் பதிவேட்டு அலுவலகத்திற்கு எழுத வேண்டும். திருமணச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், உறுதிமொழிப் பத்திரம் முதலியவை உறவை நிறுவப் பயன்படும். மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பி வைக்க உதவும். இடைத்தரகர் எவருக்கும் இதில் வேலையில்லை. கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் பிற உரிமைகள்

ஈ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப ஓய்வூதியம் பெறும் துணைவியார் இதில் தொடரலாம். அட்டையைத் தம் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் தொடரும் குழுக் காப்பீட்டில் கணவர் சேர்ந்திருந்தாரா என்பதைப் பழைய தாள்களில் பார்ப்பது அவசியம். அதற்கு ஓய்வூதிய அலுவலகத்தில் அன்று, அந்தந்தப் படையின் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே கோர வேண்டும்.

படையிலிருந்து வந்தபின் அரசுப் பணியில் சேர்ந்து அதற்கும் ஓய்வூதியம் பெற்றவர் மறைந்தால், இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்று பலர் இன்றும் எண்ணுகின்றனர். 2012 செப்டம்பர் 24 முதல், படைப்பணிக்கும் குடிமைப்பணிக்கும் உரிய இரு குடும்ப ஓய்வூதியங்களையும் பெறலாம்.

குடும்ப ஓய்வூதியம் வருமான வரியில் ‘பிற வழி வருமானம்’ என்னும் தலைப்பில் வரும். அதில் மூன்றிலொரு பகுதி அல்லது 15,000 ரூபாய், எது குறைவோ அது கழிவு. புதிய வரி முறையில் இவ்வரம்பு 2024-25 நிதியாண்டு முதல் 25,000 ரூபாய். போர் நடவடிக்கைக் கடமையில் உயிர்நீத்தவரின் துணைவியார் பெறும் குடும்ப ஓய்வூதியத்திற்கு வரி இல்லை.

ஓய்வூதியம் தொடங்கியபின் ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும். வழக்கமாக இது நவம்பர் மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். ‘ஜீவன் பிரமாண்’ வழியாக வீட்டிலிருந்தும் அளிக்க முடியும். மறுமணம் செய்துகொண்டால் அதைத் தெரிவிப்பதும் கடமை. சாதாரண வகையில் மறுமணத்தோடு உரிமை முடியும். குழந்தையற்ற துணைவியாருக்கு மட்டும் வருமான வரம்புக்கு உட்பட்டுத் தொடரும். மற்ற இரு வகைகளுக்கும் விதிகள் வேறு.

தன்னாய்வு வினாக்கள்

கணவரும் மனைவியும் ஆணையை எதிரில் வைத்துக்கொண்டு பின்வருவனவற்றுக்கு விடை காண்க.

1. ஆணையில் துணைவியாரின் பெயர் உள்ளதா?
2. ஆணை, ஆதார், கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா?
3. மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றா?
4. ஓய்வூதியக் கணக்கு கூட்டுக் கணக்கா?
5. வாழ்நாள் நிலுவைக்கு நியமனம் செய்யப்பட்டுள்ளதா?
6. உயர்த்தப்பட்ட வீதம் எந்த நாள்வரை என்று துணைவியாருக்குத் தெரியுமா?
7. ஆணையும் டிஸ்சார்ஜ் புத்தகமும் காப்பீட்டுத் தாள்களும் எங்கே உள்ளன என்று அவருக்குத் தெரியுமா?

ஏழு வினாக்களுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அக்குடும்பம் இக்கோரிக்கைக்கு ஆயத்தமாகவே உள்ளது. ஒன்றுக்கு ‘இல்லை’ என வந்தாலும் அதை இப்போதே சரிசெய்க. நான்காவதைக் கிளையிலேயே முடிக்கலாம். முதல் மூன்றும் பதிவேட்டு அலுவலகம் வரை சென்று வர வேண்டியவை. நாளாகும் என்பதால் அவற்றை முதலில் தொடங்குக. இறுதி இரண்டுக்கும் அலுவலகம் எதுவும் வேண்டா. வீட்டில் ஒரு மாலைப்பொழுது போதும்.